எடை மேடை இங்கிலீஷ்

அமாவாசை தினத்தன்று திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் பக்கம் நடமாடுவது சுலபமான காரியம் அல்ல. குளத்தில் வெல்லம் கரைப்பதற்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கூடிவிடுவார்கள். சமீபத்துத் தெரு ஒன்றில் குடியிருக்கும் எனக்கு அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதே உத்தியோகம். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியாருக்கு வேறு என்ன உத்தியோகம் இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன்பு, அப்படிப்பட்ட ஓர் அமாவாசையன்று, கோயிலிலிருந்து திரும்பிய கூட்டத்திலிருந்து ஓர் அம்மாளும் அவளுடைய பிள்ளையும் பிரிந்து வந்து என் வீட்டுப் படி ஏறினார்கள். பிள்ளையாண்டானை எனக்கு நன்றாய்த் தெரியும். ஒன்பதாவதும் பத்தாவதும் என்னிடம் வாசித்தவன். கணக்கில் சூரன், இங்கிலீஷில் சுமார். பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் எடை மேடைக் குமாஸ்தாவாகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஜில்லா 1997-ல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. அதில் ஒரு விசித்திரம் உண்டு. திருவள்ளூர், சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியோ வடக்கே கூடூர் போகும் பாதையில் இருக்கிறது. ஒரே ஜில்லாவைச் சேர்ந்த இவ்விரண்டு ஊர்களுக்கும் ரயிலில் போகவேண்டுமானால், பட்டணத்துக்குப் போய் வண்டி மாறி மறுபடியும் வெளியே வரவேண்டும். ஆகையால் பையன் அங்கேயே மூன்று பேருடன் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு, மாதம் ஒரு முறை தாயாரைப் பார்க்க வருவது வழக்கம்.

"வாத்தியார் ஐயா, இவன் என்னமோ எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கான். வேலை போயிடும்னு கூட இருக்கிற பசங்க சொல்றாங்களாம். நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அம்மாள்.

பையன் இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினான். ஒன்று, ஆலை நிர்வாகத்தார் அவனுக்குக் கொடுத்த மெமோ. மற்றொன்று, அதற்கு அவன் கொடுத்த பதிலின் நகல்.

எடை மேடையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே வருவது விளங்காது. பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வரும் லாரி முதலில் சரக்குடன் மேடை மீது ஏறும். அப்போது காட்டும் எடைக்கு 'கிராஸ்' என்று பெயர். சரக்கை இறக்கிய பிறகு காலி லாரி மறுபடியும் ஏறும். அந்த எடைக்கு 'டேர்' என்று பெயர். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது 'நெட்'. அதற்குத்தான் பணம். எடைச் சீட்டில் இந்த மூன்று வார்த்தைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாய் அச்சாகி வரும். நாலு வருஷ காலம், ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டுமாக, பையன் பார்த்த இங்கிலீஷ் இலக்கியம் அந்த மூன்று வார்த்தைகள்தான்.

ஒரு நாள் இரவு மேடைக்கு வெளியே லாரிகள் வரிசையாய் நின்றுவிட்டன. காலி லாரிகளை மறுபடி நிறுத்துப் பார்க்க நேரம் இல்லை என்று மேற்பார்வையாளர் ஒருவர், பழைய சீட்டில் இருந்த டேர் எடையையே போட்டு அனுப்பும்படி வாய்மொழியாகச் சொன்னாராம். பையனும் அப்படியே செய்தான். லாரிகளில் ஒன்று நடுவில் தொட்டி மாற்றிக் கட்டப்பட்டது. முன்னைக்கு இப்போது கனம் அதிகம். பழைய டேரைக் கழித்ததால், வராத இரும்புக்கு ஆலை பணம் கொடுத்துவிட்டது. கணக்குப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. உடனே மெமோ பிறந்தது.

மெமோவின் இரண்டாவது பாராவில், 'உமது கிராஸ் நெக்லிஜென்ஸ் காரணமாகக் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டிருக்கிறது' என்று கண்டிருந்தது.

பையன் எழுதிய பதிலைப் படித்தேன். தமிழில் சொன்னால் அது ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்: 'கிராஸ் நெக்லிஜென்ஸை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். அதிலிருந்து மேற்பார்வையாளருடைய நெக்லிஜென்ஸையும் டிரைவருடைய நெக்லிஜென்ஸையும் கழித்துக்கொண்டு, என் பேரில் உள்ள நெட் நெக்லிஜென்ஸை மட்டும் நிர்ணயம் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.'

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்கதானே சார், கிராஸ்னா மொத்தம்னு போர்டுல எழுதிப் போட்டீங்க?" என்றான் பையன். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. சந்தேகம் கேட்கிற மாணாக்கனின் குரலில்தான் கேட்டான்.

வாஸ்தவம். நான்தான் எழுதிப் போட்டேன். தினம் பத்து வார்த்தை; இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ்; நடுவில் சமக்குறி. மறுநாள் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவன் பெஞ்சின் மேல் நிற்கவேண்டும். முப்பத்து மூன்று வருஷம் இந்தத் தர்மத்தை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் நடத்தி வந்தேன்.

அவனுடைய தர்க்கத்தில் பிசகு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். கிராஸ் வெயிட் என்றால் மொத்த எடை. கிராஸ் சாலரி என்றால் பிடித்தம் போவதற்கு முன் மொத்தச் சம்பளம். அப்படியானால் கிராஸ் நெக்லிஜென்ஸ் என்றால் அந்த இரவு நடந்த மொத்த அஜாக்கிரதை, எல்லோருடையதும் சேர்ந்தது. அதை மறுப்பானேன்? நடந்தது நடந்ததுதானே? தன் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதுதானே நியாயம்? ஆனால் இங்கிலீஷ் பாஷையில் 'கிராஸ்' என்னும் வார்த்தை எடையின் அருகில் நின்றால் 'மொத்தம்'. அஜாக்கிரதையின் அருகில் போய் நின்றால் 'படுமோசமான', 'மன்னிக்க முடியாத' என்று வேஷம் மாறிவிடுகிறது. பையன் தன் கையாலேயே, தான் மன்னிக்க முடியாத குற்றம் செய்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

இந்தச் சொல்லைக் கோர்ட்டுகளில் எவ்வளவு நிறுத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 2005-ல் ஜேக்கப் மாத்யூ என்னும் டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வைத்தியர் மேல் கிரிமினல் குற்றம் சாட்ட வேண்டுமானால் சாதாரண அஜாக்கிரதை போதாது, அது 'கிராஸ்' என்று சொல்லத்தக்க அளவில் இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியது. சட்டப் புத்தகத்தின் அந்தப் பிரிவில் அந்த வார்த்தையே கிடையாது. இருந்தும் அதைச் சேர்த்துப் படிக்கவேண்டும் என்றது. நீதிபதிகள் இத்தனை யோசித்துப் போடும் வார்த்தையை ஆலையில் தட்டெழுத்து அடிக்கிறவர் ஒரு நொடியில் தட்டிவிடுகிறார். எடை மேடைப் பையன் அதை ஏற்றுக்கொண்டும் விடுகிறான்.

நம்முடைய தமிழ் வாத்தியார்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்கள் வார்த்தைகளைத் தனித்தனியாய்க் கற்றுக்கொடுத்ததில்லை. மரபு என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். அம்பு எய்தான், கூடை முடைந்தான், பானை வனைந்தான், பூப் பறித்தாள் என்று சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் 'செய்தான்' போட்டால் காதைத் திருகுவார்கள். குயில் கூவும், யானை பிளிறும், சிங்கம் கர்ஜிக்கும். தொல்காப்பியர் மரபுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கி, எந்தப் பிராணியின் குஞ்சுக்கு எந்தப் பெயர் என்று வரிசைப்படுத்தி வைத்தார். ஈ, தா, கொடு என்ற மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆனால் தாழ்ந்தவன், ஒத்தவன், உயர்ந்தவன் யார் கேட்கிறான் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது, பனி விழுகிறது என்று நம் குழந்தைகள் யாரும் கற்றுக்கொடுக்காமலே சொல்லுகின்றன. வெயில் பெய்கிறது என்று ஒருவன் சொன்னால், அவன் ஒன்று கவியாக இருக்கவேண்டும், அல்லது வெளிதேசத்தானாக இருக்கவேண்டும்.

இதே மரபு இங்கிலீஷுக்கும் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. தப்புக்கு 'மேக்' போடவேண்டும், வீட்டுப் பாடத்துக்கு 'டூ' போடவேண்டும். டீ 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம். எஞ்சின் 'பவர்ஃபுல்'லாக இருக்கவேண்டும். இடம் மாறினால் துரைமார்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். மழை 'ஹெவி', லாரியும் 'ஹெவி'. வானிலை இலாகாவினர் இந்த 'ஹெவி'க்கு அளவுகூட வைத்திருக்கிறார்கள்: இருபத்து நாலு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அந்தப் பட்டம், 204.5-ஐத் தொட்டால் அதிதீவிரம். நாமும் அதைப் பார்த்துக் 'கனமழை' என்று சொல்லப் பழகிவிட்டோம். அடைமழையும் பெருமழையும் எங்கே போயின என்று கேட்பார் இல்லை. அது வேறு வழக்கு, இங்கே வேண்டாம்.

வார்த்தைகளின் இந்தச் சேர்க்கையைப் பற்றிப் பிரமாதமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபர்த் என்னும் ஆங்கிலேயர். 1920-களில் லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலையில் இங்கிலீஷ் புரொபசராக இருந்தவர். ஒரு வார்த்தை எந்த வார்த்தைகளோடு சகவாசம் செய்கிறது என்பதைக் கொண்டுதான் அதை அறிய முடியும் என்பது அவர் கட்சி. சகவாச தோஷம் என்பதை நம் பாட்டிமார்கள் பையன்கள் விஷயத்தில் சொல்லுவார்கள். ஃபர்த் துரை வார்த்தைகள் விஷயத்தில் சொன்னார். அவருக்கு முன்பே, 1933-ல், டோக்கியோவில் ஹெரால்டு பாமர் என்பவர் ஜப்பானியப் பிள்ளைகளுக்காக இந்த ஜோடிகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஹார்ன்பி முதலானோர் 1942-ல் அங்கேயே ஓர் அகராதியை அச்சிட்டார்கள். பிற்பாடு ஆக்ஸ்போர்டார் வெளியிட்டு உலகமெல்லாம் பரவிய மாணவர் அகராதிக்கு அதுவே மூலம். அந்த அகராதி என் அலமாரியில் இருபது வருஷமாக இருந்தது. அதிலே பார்த்துத்தான் 'கிராஸ்' என்பதற்கு அர்த்தம் எழுதிப் போட்டேன். முதல் அர்த்தத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

நமது தேசத் தலைவர்கள் இப்படி மூடியவர்கள் அல்லர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 1944-ல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். சென்னை மேயராக இருந்து அதற்கு அடிகோலியவர் தீரர் சத்தியமூர்த்தி. டில்லி சட்டசபையில் அவர் இங்கிலீஷில் பேசினால் சர்க்கார் பெஞ்சுகளில் அமர்ந்திருந்த துரைமார்கள் நெளிவார்களாம். 1942-ல் நடந்ததாக இன்னொரு கதை சொல்லுவார்கள். சுதந்திரப் போருக்கு ஒரு கோஷம் வேண்டும் என்று காந்திஜி யோசித்தபோது ஒருவர் 'கெட் அவுட்' என்றாராம். அது மரியாதை இல்லை என்று தள்ளிவிட்டாராம். ராஜாஜி வேறு சொற்களைச் சொன்னாராம், அவையும் பொருந்தவில்லை. 'சைமன் கோ பேக்' என்ற கோஷத்தைத் தந்த யூசுப் மெஹரலி, 'குவிட் இந்தியா' என்று பொறித்த வில் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். காந்திஜி உடனே ஒப்புக்கொண்டார் என்பது கதை. கதை எப்படியானாலும் அந்த ஜோடியின் பொருத்தத்தைப் பாருங்கள். வாடகைக்குக் குடியிருப்பவனை வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸுக்கு இங்கிலீஷ் சட்டத்தில் 'நோட்டீஸ் டு குவிட்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், வீட்டுக்காரன் யார், குடிக்கூலிக்காரன் யார் என்பது வெள்ளைக்காரன் காதில் தானாகவே விழுந்திருக்கும். இது என் சொந்த அபிப்பிராயம். சரித்திரப் புரொபசர்கள் என்ன சொல்லுவார்களோ தெரியாது.

அன்று ராத்திரி பையனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். 'முன் கடிதத்தில் உபயோகித்த சொற்றொடரின் சட்டார்த்தம் எனக்குத் தெரியாது. எடைச் சீட்டில் உள்ள அர்த்தத்தில் எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன்' என்று ஆரம்பித்தோம். இங்கிலீஷில் வேண்டாம், தமிழிலேயே எழுது என்றேன். முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் வாயிலிருந்து வந்த புத்திமதி அது.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போது நடப்பில் இருந்த 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டப்படி, ஆலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும், தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குத் தெரிந்த பாஷையிலும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும். "உங்கள் ஆலையில் அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"டைம் ஆபீஸ் பக்கத்துல கண்ணாடிக்குள்ள ஏதோ இருக்கு சார். யாரும் படிச்சதில்லை."

மறுநாளே அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினான். தமிழ்ப் பக்கத்தில் பாதி எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. இருந்தாலும் ஒரு வரி நன்றாய்த் தெரிந்தது. குற்றம் என்று அங்கே கண்டிருந்தது 'வழக்கமான அஜாக்கிரதை'. இங்கிலீஷ் பக்கத்தில் 'ஹாபிச்சுவல் நெக்லிஜென்ஸ்'. அதாவது பழக்கமாகவே செய்து வருவது. அதிலே 'கிராஸ்' என்ற பேச்சே இல்லை! நாலு வருஷத்தில் ஒரு ராத்திரி நடந்தது எப்படிப் பழக்கம் ஆகும்? இந்தக் கேள்வியையும் கடிதத்தில் சேர்த்து அனுப்பினோம். பெரிய வக்கீல் ஆகிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

பெருமை பத்து நாள்தான் நிலைத்தது. விசாரணை நடந்தது. மேற்பார்வையாளர் தாம் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். வாய்மொழி உத்தரவுக்கு எடைச் சீட்டு கிடையாது. இரண்டாவது கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் முதல் கடிதம் ஃபைலில் இருந்து எங்கும் போய்விடவில்லை. தள்ளுபடி செய்தால் பெயர் கெடும், நீயே ராஜினாமாக் கொடுத்துவிடு, வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்று நயமாகச் சொன்னார்களாம். அந்தத் தாயார், வம்பு வேண்டாம் என்று அழுதாள். வழக்காடு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வழக்காடும் காலத்தில் வாடகை யார் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ராஜினாமாக் கொடுத்தான்.

கணக்குத் தீர்க்கும் தினத்தன்று மத்தியானம் என் செல்போன் அடித்தது. ஆலை வாசலில் இருந்து பேசினான்.

"சார், ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறாங்க. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்னு போட்டிருக்கு. ஃபுல்னாலும் முழுசு, ஃபைனல்னாலும் கடைசி. எதுக்கு சார் ரெண்டு வார்த்தை?"

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னேன். இங்கிலீஷ்காரன் சட்டக் காகிதத்தில் இப்படித்தான் ஜோடி ஜோடியாகப் போடுவான். 'நல் அண்ட் வாய்ட்', 'வில் அண்ட் டெஸ்டமெண்ட்' என்று. ஒரு காலத்தில் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் அந்தத் தேசத்தை ஆண்டபோது, இரு பாஷைக்காரருக்கும் சந்தேகம் வராமல் இருக்க இரண்டையும் சேர்த்து எழுதிய வழக்கம் என்று சொல்லுவார்கள். நம்மவர் மட்டும் இளைத்தவரா? நிலக் கிரயப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணம்' என்று ஒரு மூச்சுக்கு எழுதுகிறோமே!

"அதெல்லாம் இருக்கட்டும் சார், கையெழுத்துப் போடலாமா?" என்றான்.

என் பழக்கம் என்னை விடவில்லை பாருங்கள். அப்போதும் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "அந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தால், இனிமேல் எனக்கு ஒரு காசு பாக்கி இல்லை, கேட்கவும் மாட்டேன் என்று அர்த்தம். வரவேண்டியதெல்லாம் அந்தக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு" என்றேன்.

கணக்கில் சூரன் என்று முன்னமே சொன்னேன் அல்லவா? வாசலிலேயே நின்று கூட்டிப் பார்த்திருக்கிறான். முந்தின மாதம் செய்த பதினொரு நாள் ஓவர்டைம் விட்டுப்போயிருந்தது. உள்ளே போய்ச் சொன்னானாம். நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் போனான். மறுநாளைக்கு மறுநாளும் போனான். பதினொரு நாள் ஓவர்டைமையும் சேர்த்து வேறு காகிதம் அடித்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். அம்மாளின் காதிலே இருந்த கம்மல் அந்த ஐந்து மாதத்தில் அடகுக் கடைக்குப் போயிற்று. பிறகு பொன்னேரிப் பக்கத்தில் வேறோர் எடை மேடையில் இடம் கிடைத்தது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறான். சமக்குறி போட்டு எழுதுவதில்லை. இரண்டு இரண்டு வார்த்தையாக எழுதி, எங்கே பார்த்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுகிறான்: லாரியின் முதுகில், பாங்கிச் சீட்டில், இன்ஷ்யூரன்ஸ் காகிதத்தில். அமாவாசைக்கு வரும்போது என்னிடம் காட்டுவான். சிலவற்றுக்கு நானே அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இப்போது கடைசி அர்த்தம் வரையில் புரட்டுகிறேன்.

போன அமாவாசைக்கு அவன் தாயாரும் கூட வந்திருந்தாள். காதில் கம்மல் இருந்தது. பையனுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"கிராஸ் வேண்டாம்டா, நெட்டு எவ்வளவு, அதை ஐயா கிட்டே சொல்லு" என்றாள் அம்மாள்.